எண்ணெயைக் கழுவிய தலை

நம் ஆஸ்பத்திரி கேஸ் தாளில் ஏழாவது வரியை எடுத்துவிடலாம் என்று புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர் பேசிக்கொள்வதாகக் காதில் விழுந்தது. 'இங்கே வருவதற்கு முன் யாரிடம் காட்டினீர்கள்? அவர் என்ன சொன்னார்?' என்கிற வரி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கிற காலத்தில் நாட்டு வைத்தியர் சொன்னதையெல்லாம் எதற்கு எழுதி வைப்பது என்று கேட்கிறீர்களாம். கேட்க வேண்டியதுதான். உங்கள் வயதில் நான் இதைவிடத் திமிராகக் கேட்டிருப்பேன். ஆனால் அந்த வரியை எழுதிச் சேர்த்தவன் நான். ஏன் சேர்த்தேன் என்பதைக் கேட்டுவிட்டு, அப்புறம் எடுப்பதானால் எடுங்கள்.

தேசம் விடுதலையாகி ஐந்தாவது வருஷம். நம் பக்கம் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. ஆஸ்பத்திரியில் இருபது கட்டில், ஒரு ஆபரேஷன் அறை, ஒரு வேன். டாக்டர்கள் இரண்டே பேர்: பெரிய சர்ஜன் ஒருவர், சென்னையில் படித்துவிட்டு வந்து இரண்டு வருஷமாகியிருந்த நான். மயிலாடியில் கல் கொத்துகிற குடும்பத்தில் உளியை விட்டுவிட்டு ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்த முதல் ஆள் நான்தான். தலைக்கனத்துக்குக் கேட்க வேண்டுமா?

நம் ஊரில் அடிபட்டால் அன்றும் சரி, இன்றும் சரி, ஜனங்கள் முதலில் போவது வர்ம ஆசானிடம். அவர் அடிபட்ட இடத்தைத் தொட்டுப் பார்ப்பார், தடவி விடுவார், எண்ணெய் கொடுத்து அனுப்புவார். எனக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. காரணமும் இருந்தது. வந்த புதிதில் ஒரு பனையேறி, கை முறிந்து இறுக்கிக் கட்டிய மூங்கில் பத்தையோடு வந்தார். பிரித்தபோது விரல்கள் கறுத்திருந்தன. கையை எடுக்க வேண்டியதாயிற்று. கட்டியவர் யாரோ ஒருவர். ஆனால் அன்றிலிருந்து ஆசான்மார் எல்லோரும் எனக்கு ஒன்றுதான்.

வாசலில் ஒரு போர்டு எழுதி மாட்டினேன்: 'ஆசான் எண்ணெயோடு வருகிறவர்கள் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு உள்ளே வரவும்.' படிக்கத் தெரியாதவர்களுக்கு வாட்ச்மேன் வாசித்துச் சொல்லுவார். மீறி வந்தவர்களை நானே நாலு பேர் முன்னால் வைது அனுப்பியிருக்கிறேன். படுக்கை விரிப்புகள் சுத்தமாக இருந்தன. ஒழுங்கு வந்துவிட்டது என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

அந்த வருஷம் மாசிக் கடைசியில், கும்பப்பூ நெல் அறுவடை முடிகிற சமயம், பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து மாதேவன் பிள்ளை என்ற விவசாயியை வண்டியில் கூட்டி வந்தார்கள். வயது அறுபத்திரண்டு. கூட மனைவி பகவதியம்மையும் மகன் நீலகண்டனும். பேச்செல்லாம் மகன்தான்.

"அப்பாவுக்குப் புத்தி மாறிப்போச்சு டாக்டரே. என்னையே ஆருன்னு கேக்காரு. வீட்டு முத்தத்துலயே ஒண்ணுக்குப் போயிடுதாரு. முந்தாநாளு, அறுப்புக்கு நின்ன அடுத்த வயலுக்கு மடையைத் தொறந்து விட்டுட்டாரு. கதிரு பூரா தண்ணியில கெடக்கு. அவனுக வெட்டுகத்தி எடுத்துட்டு வாரானுக."

நாஞ்சில் நாட்டில் விளைந்து நிற்கிற வயலுக்குத் தண்ணீர் விடுவது எப்படிப்பட்ட காரியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊர்க்கூட்டம் கூடி, ஆளைத் திருவனந்தபுரத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவது என்று முடிவாகியிருந்தது. அனுப்ப ஒரு டாக்டரின் சர்டிபிகேட் வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தார்கள்.

மாதேவன் பிள்ளை நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தார். தலை மழமழவென்று மழிக்கப்பட்டு, சந்தன சோப்பு வாசம் அடித்தது. பெயரைச் சொன்னார். வருஷம் கேட்டேன். சிரித்தார். மாதம் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். நடக்கச் சொன்னபோது இடது காலை லேசாக இழுத்தார். கிழவர்தானே என்று விட்டுவிட்டேன். "விழுந்தாரா? அடிகிடி பட்டதா?" என்று கேட்கவும் செய்தேன். மகன் தாயைப் பார்த்தான். தாய் தரையைப் பார்த்தாள். "இல்ல" என்றான்.

பகவதியம்மை ஒரே ஒரு முறை வாயைத் திறந்தாள். "தைப் பொங்கலுக்கு நல்லா இருந்தாவ டாக்டரய்யா. சில நாளு நல்லாப் பேசுதாவ. மறுநாளு உறக்கந்தான்."

இதைவிடத் தெளிவாக ஒரு நோயாளியின் வீட்டார் டாக்டருக்குச் சொல்ல முடியாது. முதுமையில் வரும் மறதிநோய் பொங்கலுக்கும் மாசிக்கும் நடுவில் வந்து உட்காராது. அது வருஷக் கணக்கில் நடந்து வரும். ஒரு நாள் தெளிவும் மறுநாள் தூக்கமுமாக அது ஆடாது. இதெல்லாம் பாடத்தில் இருந்தது, பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். ஆனால் வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். எதிரே இருந்தது ஒரு கிழவர். கிழவருக்கு மறதி என்றால் கிழத்தனம், முடிந்தது காரியம். ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினேன். முதுமையால் வந்த புத்தி மயக்கம், குணமாகாது, காவலில் வைப்பது நல்லது. கையெழுத்துப் போட்டு நீட்டினேன். பகவதியம்மை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அடுத்த நோயாளியைக் கூப்பிடும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காம்பவுண்டுக்கு வெளியே புன்னை மரத்தடியில் மாதேவன் பிள்ளையை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். பகவதியம்மை மடியிலிருந்து ஒரு சின்ன சீசாவை எடுத்து, அவர் உச்சந்தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. அடுத்த நோயாளியைப் பார்க்க வேண்டியவன், கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓடி, "ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆசான் எண்ணெயா?" என்று கத்தினேன்.

அவள் பயந்து சீசாவை முந்தானைக்குள் மறைத்தாள். ஆனால் பதில் சொன்னாள். "வெளிய வந்துட்டுத்தானே வச்சேன் டாக்டரய்யா? உள்ள வச்சாத்தானே குத்தம்? காலையில நீங்க சொன்னபடி சோப்புப் போட்டுக் கழுவித்தான் கொண்டாந்தேன். தொண்ணூறு நாளும் விடப்பிடாதுன்னு ஆசான் சொல்லியிருக்காரு. இன்னையோட நாப்பத்தேழு."

வாயில் வைத்திருந்த வசவு அப்படியே நின்றுவிட்டது. "எதுக்குத் தொண்ணூறு நாள்? என்ன நடந்தது?"

"தென்னை மட்டை தலையில விழுந்துட்டுல்லா."

"இதை ஏம்மா உள்ளே சொல்லல? நான் கேட்டேனே!"

"அடிபட்டதச் சொன்னா ஆசான்கிட்ட போனதச் சொல்லணும். ஆசான் பேரச் சொன்னா ஏசி வெரட்டிருவியன்னு சொன்னாவ. ஒங்க போர்டுலயும் போட்டிருக்குல்லா."

அந்தப் புன்னை மரத்தடியில் நின்றதுபோல என் வாழ்க்கையில் வேறெங்கும் நான் வெட்கப்பட்டு நின்றதில்லை. எண்ணெயைக் கழுவி வரச் சொன்னேன். எண்ணெயோடு சேர்த்து நோயின் கதையையும் கழுவிக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறார்கள். நோயாளி பொய் சொன்னார் என்று கேஸ் தாளில் எழுதுகிறோமே, அந்தப் பொய்யை நான்தான் போர்டு மாட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

தலையில் அடிபட்டால் சில சமயம் மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் ரத்தம் கசிந்து தேங்கும். வயதானவர்களுக்கு அது வாரக்கணக்கில் மெல்லப் பெருகி மூளையை அழுத்தும். வெளியே பார்த்தால் மறதி, தூக்கம், கால் இழுப்பு. அச்சு அசலாகக் கிழத்தனம் மாதிரியே இருக்கும். மண்டையோட்டில் துளை போட்டு ரத்தத்தை எடுத்துவிட்டால் ஆள் பிழைப்பார். எடுக்காவிட்டால் காவலில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் சில நாளில் முடிந்துபோவார்.

அவரை உள்ளே தூக்கிவந்து படுக்க வைத்தோம். அடி பட்டது எந்த இடம் என்று கேட்க, நீலகண்டனை சைக்கிளில் ஆசானைக் கூட்டிவர அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் வந்தார். கிழவராக இருப்பார் என்று நினைத்தேன். என்னைவிட நாலைந்து வயது கூட இருந்தால் அதிகம். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே வர மாட்டேன் என்றார். நான் போனேன்.

"உள்ளே வாரும் ஆசானே."

"உம்ம போர்டுல எளுதியிருக்கே வைத்தியரே. நான் எண்ணெக்காரன். குளிக்காம வந்திருக்கேன்."

வாட்ச்மேன், வரிசையில் நின்ற ஜனங்கள், நர்சுகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்டூலைப் போட்டு ஏறிப் போர்டைக் கழற்றினேன். சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "இப்போ வரலாமா?" என்றேன். வந்தார்.

கட்டிலருகில் நின்று, வலது காதுக்கு மேலே நான்கு விரல் தள்ளி ஒரு இடத்தில் விரலை வைத்தார். "இங்க. புளியங்கொட்டை அளவுக்கு வீங்கியிருந்துது. விழுந்ததும் ஒரு வெத்தில போட்டுத் துப்புத நேரம் மயங்கிக் கெடந்தாருன்னு சொன்னாவ. எந்திச்சு எனக்கு ஒண்ணும் இல்லன்னாரு. நான் சொன்னேன், இது உடனே காட்டாத அடி, தொண்ணூறு நாளு பாக்கணும். உறக்கமோ மறதியோ கால் இளுப்போ வந்தா எங்கிட்ட வரப்பிடாது, எங்கையில நிக்காது, நேரா இங்கிலீஷ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரணும்னு. சொன்னேனா இல்லியா, நீலகண்டா?"

"சொன்னீரு" என்றான் நீலகண்டன். அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. மாதேவன் பிள்ளையை என்னிடம் அனுப்பியதே ஆசான்தான். அவர் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்திருந்தார். கூட்டிவந்தவர்கள் சர்டிபிகேட் கேட்டதற்குக் காரணம் ஊர்க்கூட்டம். அவர் சொல்லி அனுப்பியது என் மேஜைக்கு வந்து சேராததற்குக் காரணம் நான்.

பகல் ஒரு மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு டார்ச்சைக் கையில் கொடுத்தார். மாதேவன் பிள்ளையின் வலது கண்பாவை விரிந்திருந்தது; மூளை நெரிபடத் தொடங்கியதன் அடையாளம். எழுப்பினால் எழவில்லை. பெரிய சர்ஜன் சென்னைக்குப் போயிருந்தார். திருவனந்தபுரத்துக்கு வேனில் கொண்டுபோகலாம். அந்த ரோட்டில் மூன்று மணி நேரம். அங்கே என்னைவிடக் கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள். நான் இந்த ஆபரேஷனைப் படிக்கும் காலத்தில் இரண்டு முறை பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. வேனில் ஏற்றிவிட்டால், வழியில் செத்தாலும் யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். இங்கே செய்து செத்தால் மயிலாடிக் கொத்தன் மகன் மண்டையைப் பிளந்து கொன்றான் என்பார்கள். இரண்டையும் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

மார்த்தாண்டத்துக்காரரான அந்த சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். இருபது வருஷம் தியேட்டரில் நின்றவர். "டாக்டரே, வேன்ல ஏத்துனா நானும் கூட வாறேன். இங்க செய்யுதா இருந்தா கருவியெல்லாம் போட்டு வெள்ளம் கொதிச்சுக் கெடக்கு. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. சும்மா நிக்குததுதான் ஆகாது" என்றார்.

அந்தக் கண்பாவைக்கு மூன்று மணி நேரம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும், பயத்தை வைத்து எடுக்கக் கூடாது என்று அன்று கற்றுக்கொண்டேன். பகவதியம்மையிடம் போய் உள்ளதைச் சொன்னேன். "காலையில் நான் எழுதிக்கொடுத்தது தப்பு. மண்டையில் துளை போட்டுக் கெட்ட ரத்தத்தை எடுக்கணும். நான் இதுக்கு முன்னால் தனியாகச் செய்ததில்லை. செய்யாவிட்டால் சாயங்காலம் தாங்க மாட்டார்."

அவள் ஆசானைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். "செய்யுங்க. ஒங்க தப்புன்னு ஒங்க வாயால சொன்னேள்லா, அது போதும்" என்றாள்.

ஆபரேஷனின் விவரத்தை நீங்கள் புத்தகத்தில் படித்துக்கொள்வீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். எலும்பைத் துளைக்கும்போது எப்போது நிறுத்த வேண்டும் என்பதுதான் உயிர்ப் பிரச்சினை. ஒரு நூல் கூடப் போனால் மூளை. என் கைக்கு அது புதிது. காதுக்குப் புதிதில்லை. கல் விட்டுக்கொடுக்கப் போகிறது என்றால் அதற்கு முன்பே சத்தம் மாறும் என்று அப்பாவின் பட்டறையில் ஏழு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். எலும்பிலும் சத்தம் மாறியது. நிறுத்தினேன். ஆசானின் விரல் நின்ற இடத்துக்கு நேர் கீழே, நீர்த்த கருப்பட்டிப் பாகு மாதிரி கறுத்த திரவம் பீறிட்டு என் கவுனை நனைத்தது. சிஸ்டர், "கர்த்தாவே" என்று ஒரு வார்த்தை சொன்னார். கொஞ்ச நேரத்தில் மாதேவன் பிள்ளையின் மூச்சு சீரானது. அந்தக் கறை படிந்த கவுனோடு வெளியே வந்தபோது எனக்கு இருந்த பெருமையை நான் மறைக்கப் போவதில்லை. இன்றைக்கும் அது குறையவில்லை.

மூன்றாம் நாள் காலை அவர் கண் விழித்துப் பழைய சோறு கேட்டார். புத்தி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய பழக்கத்தில், "இது என்ன வருஷம்?" என்று கேட்டேன்.

"ஆயிரத்தி நூத்தி இருவத்தேழு" என்றார்.

என் மனம் ஒரு நிமிஷம் இடிந்தே போயிற்று. அப்புறம்தான் உறைத்தது. அவர் சொன்னது நம் பக்கம் புழங்கும் கொல்லம் ஆண்டுக் கணக்கு. சரியாகத்தான் சொல்லியிருந்தார். தப்பாக இருந்தது சென்னையில் படித்த என் மண்டை. இன்னொரு கேள்வியை அவருடைய உலகத்திலிருந்தே எடுத்தேன்.

"வயல்ல இப்போ என்ன நிலவரம்?"

"கும்பப்பூ அறுத்திருப்பானுக. நான்தான் இங்க கெடக்கேனே." கொஞ்சம் யோசித்தார். பிறகு மனைவியைப் பார்த்து, "ஏட்டி, அடுத்த வயலுக்கு மடையத் தொறந்தது நானா? கனவு மாதிரி இருக்கு" என்றார்.

"நின்னது மழைத் தண்ணியாக்கும். நீங்க ஒண்ணும் தொறக்கல்ல. சோத்தைத் தின்னுங்க" என்றாள். மாசியில் பூதப்பாண்டியில் மழை பெய்யவே இல்லை.

அதற்குப் பிறகு அந்தப் போர்டு சுவருக்குத் திரும்பவில்லை. ஏழாவது வரி தாளில் ஏறியது. மறதி என்று யார் வந்தாலும் கிழத்தனம் என்று எழுதுவதற்கு முன்னால், எத்தனை நாளாக, இதற்கு முன் யார் பார்த்தார்கள், அவர் என்ன சொன்னார் என்று கேட்டே தீருவது என்று வைத்துக்கொண்டேன். புதுக்கடையில் கடை வைத்திருந்த ஒருவரின் அக்கா, சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு, தன் பிள்ளைகளின் பெயரையே மறந்து வந்தாள். 'உடம்பு குளிர்ந்து அடங்கிப்போச்சு' என்று ஒரு நாட்டு வைத்தியர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். தைராய்டு சுரப்பி ஓய்ந்திருந்தது. மாத்திரை கொடுத்தோம். ஆடிக்குள் கடைக் கல்லாவில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

எல்லோரும் இப்படித் திரும்பினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் திரும்பவில்லை. நீங்கள் அல்சைமர் என்று எழுதுவதை நாங்கள் முதுமை என்று எழுதினோம். அந்தப் பெயரை நடுவயதில் வருவதற்கென்று புத்தகத்தில் ஒரு ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற சர்ச் உபதேசியார் ஒருவருக்கு எல்லாக் கேள்வியும் கேட்டேன், எல்லாச் சோதனையும் செய்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. பேய் என்றும் பாவத்தின் சம்பளம் என்றும் சபையில் பேசினார்கள். அவர் மகளை உட்காரவைத்து, இது மூளையில் வரும் வியாதி, யாருடைய பாவமும் இல்லை, குணமாகாது, ஆனால் செய்வதற்கு நிறைய இருக்கிறது என்று சொன்னேன். கதவுத் தாழ்ப்பாளை உயரே வைத்தாள். வேளாவேளைக்கு ஊட்டினாள். அவர் வாதாடினால் எதிர்த்துப் பேசாமல் கூடவே நடந்தாள். நாலு வருஷம் கழித்து அவர் தன் வீட்டில், முதுகில் ஒரு புண் இல்லாமல், தலை வாரிய மேனிக்குச் செத்தார். அதையும் நான் பெருமையாகவே சொல்கிறேன். அதுவும் சிகிச்சைதான்.

நான் 'குணமாகாது' என்று சொன்னவர்களில் இந்த இரண்டு பேரைப் பாருங்கள். உபதேசியாருக்குத் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னேன். மாதேவன் பிள்ளைக்குத் தேடாமல் சொன்னேன். ஏழாவது வரி இருப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்.

மாதேவன் பிள்ளை வீட்டுக்குக் கிளம்பிய அன்று, பகவதியம்மை முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்து மடித்து நைந்துபோன காகிதத்தை என் மேஜையில் வைத்தாள். "இது ஒங்க கையெளுத்து டாக்டரய்யா. ஒங்ககிட்டயே இருக்கட்டும். அவிய பாத்தா வருத்தப்படுவாவ" என்றாள். வெளியே அவர், ஆசானும் நீலகண்டனும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க வந்ததைத் தட்டிவிட்டு, தானாகவே வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கிடைத்த மெடல்களெல்லாம் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று எனக்கே நினைவில்லை. இந்தக் காகிதம் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம். குணமாகாது என்று என் கையெழுத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. மாதேவன் பிள்ளை அதற்கப்புறம் பதினோரு கும்பப்பூ அறுத்தார்.